பழைய டிராக்டரும் பன்னிரண்டு வோல்ட்டும்

அமெரிக்காவில் போர்டு கம்பெனியார் 1947 முதல் 1952 வரை 8என் என்னும் டிராக்டரை ஐந்து லட்சத்திற்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்து விற்றனர். அவற்றுட் பல இன்றும் அந்நாட்டுப் பண்ணைகளிற் புல் வெட்டவும் பனி தள்ளவும் உழைத்து வருகின்றன. இதன் மின்சார அமைப்பு 6 வோல்ட் பாட்டரியைக் கொண்டது. பாட்டரியின் நேர்முனை யந்திரத்தின் இரும்புடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். இதனை வைத்திருப்போர் பலர் 12 வோல்ட்டாக மாற்றிவிடுகின்றனர். அம்மாற்றம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

விளக்குகள் 48 வாட் சக்தி வேண்டுவன என்று கொள்வோம். 6 வோல்ட்டில் அவற்றிற்கு 8 ஆம்பியர் ஓடவேண்டும். 12 வோல்ட்டில் அதே சக்தியுள்ள பல்புகளுக்கு 4 ஆம்பியரே போதும். வழியிலுள்ள கம்பியிலும் இணைப்புகளிலும் பத்தில் ஒரு ஓம் தடை இருப்பின், முன்னதில் 0.8 வோல்ட்டும் பின்னதில் 0.4 வோல்ட்டும் வீணாகும். வெப்பமாகக் கழியும் சக்தியோ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. செவர்லே கார்கள் 1955-லும் போர்டு கார்கள் 1956-லும் 12 வோல்ட்டுக்கு மாறியதற்கு இத்தகைய கணக்கும், பெரிய இஞ்சின்களைச் சுழற்ற வேண்டியிருந்ததுமே காரணங்களாம்.

ஆனால் இக்கணக்கைப் பழைய ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அப்படியே பொருத்துவது தவறு. அதன் உட்சுருள்கள் மாறவில்லையாதலால், வோல்ட்டு இரட்டிக்கும்போது அதனுள் ஓடும் ஆம்பியர் குறைவதில்லை; மிகவே செய்கிறது. இஞ்சின் விரைந்து சுழலுவது அதனாலேயே. அவ்விரைவில் மோட்டாரின் சிறு பல்சக்கரம் பெருஞ்சக்கரத்தின்மீது வன்மையாய் மோதுகிறது. சுருளும் சீக்கிரம் சூடேறுகிறது. ஆகவே பொத்தானைச் சில விநாடிகளே அழுத்தவேண்டும்.

குளிர்காலையில் வண்டி கிளம்பவில்லை என்று கூறி மாற்ற முற்படுவோருக்கு நாம் ஒன்று சொல்லுவோம். மிச்சிகன் மாகாணத்தின் பனியில் இவ்யந்திரம் 6 வோல்ட்டிலேயே கிளம்பிற்று. துருவேறிய இணைப்பும், 12 வோல்ட் கார்களுக்கென விற்கப்படும் மெல்லிய பாட்டரிக் கம்பியுமே பெரும்பாலும் குற்றவாளிகள். நோய் கம்பியிலிருக்க மருந்தைப் பாட்டரிக்குக் கொடுப்பானேன்? இணைப்புகளைச் சுரண்டித் துலக்கி, பருத்த கம்பி பூட்டிப் பார்த்த பின்னரே மாற்றத்தைப் பற்றி எண்ணுதல் தகும். நல்ல விளக்கு வேண்டும், எங்கும் கிடைக்கும் பாட்டரி வேண்டும் என்பனவே மாற்றத்திற்குத் தக்க காரணங்கள்.

மாற்றத் துணிந்தோர் முதலிற் கவனிக்க வேண்டுவது பொறிக்கான இக்னிஷன் காயில். உதாரணமாக, அதன் தடையும் அதனோடு தொடர்ந்த தடையும் சேர்ந்து 1.5 ஓம் எனில், 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடும்; 12 வோல்ட்டில் 8 ஆம்பியர் ஓடிக் காயிலையும் காண்டாக்ட் பாயிண்டுகளையும் தீய்த்துவிடும். மேலும் 1.5 ஓம் தடையைத் தொடராகச் சேர்த்தால் மீண்டும் 4 ஆம்பியராகும். இன்றேல் 12 வோல்ட்டுக்குரிய காயிலையே வாங்கிப் பூட்டலாம். இஞ்சின் நின்றிருக்கையில் சுவிட்சைத் திறந்தே வைத்தல் எவ்வமைப்பிலும் ஆகாது.

பழைய டைனமோவையும் அதன் ரெகுலேட்டரையும் நீக்கி, ஆல்டர்னேட்டர் ஒன்றை வைப்பதே வழக்கம். அது பொதுவாக எதிர்முனை உடலோடு பிணைக்கப்படுவதற்கென அமைந்தது. பாட்டரியை மாற்றிப் பூட்டினால் அதிலுள்ள டயோடுகள் கணத்தில் எரிந்துபோம். முனைகள் இங்ஙனம் இடம் மாறுவதால், அம்மீட்டரின் இரு கம்பிகளையும், காயிலின் இரு சிறு கம்பிகளையும் மாற்றி இணைக்கவேண்டும். ஸ்டார்ட்டரோ திசை மாறாது. அதன் காந்தச் சுருளிலும் சுழல் சுருளிலும் ஓட்டம் ஒருங்கே திரும்புவதால் விசை முன்போலவே இருக்கும். எல்லாப் பல்புகளையும் மாற்றிய பின்னர், பாட்டரியின் உடற்கம்பியைக் கடைசியாகப் பூட்டுக.

சுவிட்சை மூடிய பின்னும் இஞ்சின் நிற்காமல் ஓடுவது சிலரைத் திகைக்கச் செய்யும். ஆல்டர்னேட்டரைத் தூண்டுவதற்காகச் சுவிட்சிலிருந்து செல்லும் சிறு கம்பி வழியே மின்சாரம் பின்னோக்கி வந்து காயிலுக்கு ஊட்டுவதே இதற்குக் காரணம். அக்கம்பியில் ஒரு டயோடையோ சிறு எச்சரிக்கை விளக்கையோ இடைப்படுத்தினால் இஞ்சின் உடனே அடங்கிவிடும்.