மறதி என்னும் ஒரு சொல்லும் முதியோர் வாழ்க்கைத் தரமும்

முதியோரிடம் தோன்றும் எத்தடுமாற்றத்தையும் 'மறதி' என்னும் ஒரு சொல்லால் சுட்டுவது நம் வழக்கு. மருத்துவமோ இவற்றைப் பிரித்துக் காண்கிறது. அவற்றுள் ஒன்று இரத்தக்குழாய்சார் அறிதிறன் குறைபாடு. ஹச்சின்ஸ்கி, பௌலர் என்னும் அறிஞர்கள் 1993-இல் இப்பெயரை முன்வைத்தனர். நோய் முற்றும் முன்னரே, மென்மையான நிலையிலேயே அதனை இனங்காண வேண்டும் என்பது அவர்தம் கருத்தாகும்.

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் உடல் கொள்ளும் உயிர்வளியில் ஏறத்தாழ 20 விழுக்காடு அதற்கே செல்கிறது. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் புகைப்பழக்கமும் அதன் நுண்குழாய்களைப் பல்லாண்டுகளாகச் சிதைக்கின்றன. அவற்றால் ஊட்டம் பெறும் நரம்பிழைகள் நலிவடைய, எண்ணத்தின் விரைவும் திட்டமிடலும் கவனமும் குன்றுகின்றன. நினைவோ பலரிடம் அந்த அளவிற்குக் குன்றுவதில்லை. ஒரு குறிப்புக் கொடுத்தால் பெயரைச் சொல்லிவிடுவர். எனவே இதனை மறதி என்பதினும் 'தாமதம்' என்பதே பொருந்தும் என்பது நம் எண்ணம்.

கடைக் கணக்கை நொடியில் கூட்டியவர், இன்று அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிறார். ஆனால் சரியாகவே கூட்டுகிறார். பிள்ளைகள் அன்பினால் பேரேட்டை வாங்கிக்கொள்கின்றனர். அடுத்துச் சாவிக்கொத்து, அதன்பின் சந்தைக்குச் செல்லும் பை. நோய் எடுத்தது சிறிது. வீடு எடுத்தது பெரிது. நடை தளர்தலும் சிறுநீரை அடக்க இயலாமையும் இந்நோயில் உடன் வருவதுண்டு. ஒளு நிலைக்குமோ என்றும், எத்தனையாவது ரக்அத் என்றும் ஐயுறும் பெரியவர் பள்ளிவாசல் ஜமாஅத்தைத் தவிர்க்கிறார். தொழுகைக்குப் பின் திண்ணையில் நிகழும் உரையாடலும் அத்துடன் அவருக்கு இல்லாமற் போகிறது. மனச்சோர்வும் ஆர்வமின்மையும் இவர்களிடம் மிகுதி. தேர்வுத்தாளில் பெறும் நினைவு மதிப்பெண்ணைவிட இம்மனச்சோர்வே வாழ்க்கைத் தரத்தைப் பெரிதும் தாழ்த்துவதாக ஆய்வுகள் பல காட்டுகின்றன.

வாழ்க்கைத் தரத்தை அளக்க இயலுமோ? உலக நலவாழ்வு நிறுவனம் 1990-களில் இதற்கொரு வினாநிரலை உருவாக்கியது. ஒரு மொழியில் எழுதிப் பிறமொழிகளில் பெயர்க்காமல், பல நாட்டு மையங்களில் ஒரே காலத்தில் அதனை உருவாக்கினர். அம்மையங்களுள் சென்னையும் ஒன்று என்பது தமிழ் பயில்வோர் அறிய வேண்டிய செய்தி. அதன் சுருங்கிய வடிவில் 26 வினாக்கள் உள்ளன. உடல், உள்ளம், சமூக உறவு, சுற்றுச்சூழல் என நான்கு பகுப்புகள். வாழ்வு பொருளுடையதாகத் தோன்றுகிறதா, தம் உழைக்கும் ஆற்றலில் நிறைவு உண்டா என்பன போன்றவற்றை அவரவரே மதிப்பிடுவர்.

'அவரவரே' என்பதே இதில் உயிர்நிலை. அறிதிறன் குன்றியோரின் வாழ்வை உறவினர் மதிப்பிடும்போது, அவர்கள் தாமே மதிப்பிடுவதைவிடப் பெரும்பாலும் தாழ்த்தியே மதிப்பிடுகின்றனர். மென்மையான நிலையில் உள்ளவர் தம் வாழ்வைத் தாமே எடுத்துரைக்க வல்லவர். விடை வரச் சற்றுப் பொறுத்திருத்தல் வேண்டும், அவ்வளவே. மருத்துவரின் அறையில் நாம் முந்திக்கொண்டு விடை கூறுவது அவ்வாய்ப்பையும் பறித்துவிடுகிறது.

இரத்த அழுத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். மேல் அழுத்தத்தை 120-க்கும் கீழே கொணர முயன்ற அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு 2019-இல் வெளிவந்தது. 140 என்பதை இலக்காகக் கொண்டோரைவிட இவர்களிடம் மென்மையான அறிதிறன் குறைபாடு குறைவாகவே தோன்றியது. எல்லா முதியோருக்கும் அத்துணைத் தாழ்ந்த அளவு ஒவ்வாது. மயக்கமும் வீழ்ச்சியும் நேரக்கூடும் ஆதலின், அளவை மருத்துவரே வகுத்தல் வேண்டும்.