உங்களுக்குத் தெரியுமா? ஓடத் தொடங்கும் திண்டுக்கல்காரருக்கு...

● திண்டு மாதிரி கல் இருப்பதால் திண்டுக்கல் என்பார்கள். திண்டைப் பார்த்தாலே சாயத்தான் தோன்றும். அதனால் ஜனவரி முதல் வாரம் மைதானத்துக்குப் புது ஷூவோடு வருகிறவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். முதல் ரவுண்டை நாய் துரத்தியதுபோல் முடிப்பார். இரண்டாவதில் பாதி தாண்டுவதற்குள் இடுப்பில் கை. சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்ட இரண்டு அக்காக்கள் மருமகள் கதை பேசிக்கொண்டே அவரைத் தாண்டிப் போவார்கள். ஜெயிப்பது அந்த அக்காக்கள்தான். ஓடும்போது பேச முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம்.

● பேசிக்கொண்டே ஓடும் இந்த நிதான ஓட்டம் நியூசிலாந்தில் பிரபலமானது. பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டின் முயற்சியில் 1962இல் ஆக்லாந்தில் ஜாகிங் கிளப் பிறந்தது. அந்த ஆண்டு அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மனுக்கு வயது 51. கூட ஓடிப் பார்த்தவருக்கு மூச்சு வாங்கியது. இதய நோயிலிருந்து மீண்ட ஒரு பெரியவர்தான் வேகத்தைக் குறைத்து அவருக்குத் துணையாக வந்தார்! ஊர் திரும்பிய பவர்மன் அமெரிக்காவில் ஜாகிங்கைப் பரப்பினார். பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இவர்.

● '21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்' என்பது பாதிக் கதை. 1960இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், புது முகம் பழக 'குறைந்தது' 21 நாள் ஆகிறது என்று எழுதினார். 'குறைந்தது' எங்கோ விழுந்துவிட்டது. பிறகு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்ததில், சராசரி 66 நாள் என்று வந்தது. 21ஐவிட, நம் பாட்டிகள் சொன்ன ஒரு மண்டலம், 48 நாள், உண்மைக்குப் பக்கம். நடுவில் ஒருநாள் தவறினாலும் ஒன்றும் கெடவில்லையாம்.

● 1996இல் ஜோஷ் கிளார்க் என்பவர் புதிதாக ஓடுகிறவர்களுக்கு வகுத்த பயிற்சித் திட்டம் 9 வாரம். முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, மாறி மாறி 20 நிமிடம். வாரத்தில் 3 நாள் போதும். மற்ற நாள் ஓய்வு ஏன்? மூச்சு சில வாரத்தில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். கெண்டைக்காலும் முன்காலும் வலிப்பது அதனால்தான்.

● தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கி.மீ. பாதை உண்டு, திண்டுக்கல்லுக்கும் சேர்த்து. 8 கி.மீ. என்பது ஏறக்குறைய 10,000 காலடி. தினமும் நடக்கச் சொல்லும் அந்த 10,000, 1965இல் ஜப்பானில் விற்ற காலடி எண்ணும் கருவியின் பெயரால் பரவிய எண்!

● தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்பவர்கள், இங்கிருந்து மட்டும் சுமார் 60 கி.மீ. போகிறார்கள், பலர் வெறுங்காலோடு. அவர்களில் யாரும் முதல் கிலோமீட்டரில் ஓடிப் பார்ப்பதில்லை.

● விடியற்காலையில் தெருநாய் குரைத்தால் மட்டும் ஓடாதீர்கள். நின்று, மெதுவாக நடந்து விலகுங்கள்.