ஒரே சாவியில் இரண்டு பூட்டு

திண்டுக்கல்லிலிருந்து கரூருக்குப் போகும் பெருவழியில், மலைக்கோட்டைப் பாறை பின்னால் சிறுத்துச் சிறுத்து மறைந்த பிறகு, இரு மருங்கிலும் முருங்கைத் தோட்டமும் சோளக்கொல்லையும் நூற்பாலையுமாக விரிகின்ற வறண்ட சமவெளியைப் பார்த்த எவரும், இந்தப் பிரதேசத்தில் ஒரு காலத்தில் தண்ணீர் மிகுந்துபோனதால் பேராபத்து நேர்ந்தது என்று சொன்னால் எளிதில் நம்பமாட்டார்கள். இங்கே ஜனங்களுக்கு நித்திய கவலை தண்ணீர் இல்லையே என்பதுதான். பழனிமலைச் சரிவில் பிறந்து, ஆத்தூர்ப் பக்கமாக இறங்கி, வேடசந்தூரைக் கடந்து, கரூர்ச் சீமையில் அமராவதியோடு கலக்கின்ற குடகனாறு, வருஷத்தில் பெரும்பகுதி மணலைக் காட்டிக்கொண்டே கிடக்கும். ஆயினும் அந்த ஆற்றின் குறுக்கே, வேடசந்தூரை அடுத்த அழகாபுரியில் கட்டப்பெற்ற மண் அணை, 1977ஆம் ஆண்டு வெள்ளத்தில் உடைந்தது. திண்டுக்கல் அப்பொழுது மதுரை ஜில்லாவைச் சேர்ந்த ஊர். தனி மாவட்டமாவதற்கு இன்னும் எட்டு வருஷம் இருந்தது.

அணை பிரம்மாண்டமானது அன்று. ஆற்றுப் படுகையிலிருந்து 11.45 மீட்டரும், ஆழ்ந்த அஸ்திவாரத்திலிருந்து 15.75 மீட்டரும் உயரம், கொள்ளளவு 1.23 கோடி கன மீட்டர். தலா 3.05 மீட்டர் அகலத்தில், செங்குத்தாக ஏறி இறங்கும் ஐந்து ஷட்டர்கள் இருந்தன. விநாடிக்கு 1,275 கன மீட்டர், அதாவது சுமார் 45,000 கன அடி வெள்ளத்துக்குக் கணக்குப் பார்த்திருந்தார்கள். அதற்கும் மேலே ஒரு ஜாக்கிரதையாக, நீர் ஏறக்கூடிய உச்ச மட்டத்தைவிட 2.5 மீட்டர் அதிகமாகக் கரையை உயர்த்தி வைத்திருந்தார்கள். கட்டியவர்கள் அசட்டையாகக் கட்டினார்கள் என்று சொல்ல இடமில்லை. அணை உடைப்புகளைத் தொகுத்து எழுதிய நிபுணர்களும், ஷட்டர்களை இயக்குவதில் ஊழியர்கள் தாமதம் செய்ததாகக் குறை கூறவில்லை.

அந்த வருஷம் நவம்பரில் நாகப்பட்டினத்தருகே கரையேறிய புயல் தமிழ்நாட்டின் உள்நாட்டுக்குள்ளேயே புகுந்து மேற்கே சென்றது. குடகனாற்றில் வெள்ளம் ஏறியபொழுது ஊழியர்கள் ஷட்டர்களை உயர்த்தத் தொடங்கினார்கள். அவை ஓரளவு ஏறியிருக்கையில் மின்சாரம் நின்றுபோயிற்று. இத்தகைய சந்தர்ப்பத்துக்கென்றே வைத்திருந்த ஜெனரேட்டரைச் சீக்கிரமே ஓட்டினார்கள். அதனாலும் காரியம் ஆகவில்லை. முடிவில் மனிதர்களின் கையே மிச்சம். வெள்ளத்தின் பாரம் முழுவதும் இரும்புப் பலகையைக் காடியோடு சேர்த்து அழுத்தும் வேளையில், கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அதை அங்குலம் அங்குலமாகத் தூக்குவதென்பது எவ்வளவு பிரயாசையான வேலை என்பதை, கிணற்றில் நிறைகுடத்தை இழுத்தவர்கள்கூடக் கொஞ்சம் ஊகிக்கலாம். அவர்கள் தூக்கிய வேகத்தைவிட ஆறு ஏறிய வேகம் அதிகமாக இருந்தது. தண்ணீர் கரையின் தலையைத் தாண்டியது.

கல்லணையாக இருந்தால் தலைக்கு மேல் ஒரு முழம் தண்ணீர் போனாலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கக் கூடும். மண்ணணைக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. மேலே வழியும் நீர் பின்புறச் சரிவில் அருவிபோல் விழுந்து, முதலில் புல்லையும் மேல்மண்ணையும் பெயர்த்து, பிறகு படிப்படியாகக் குழிபறித்து, அந்தக் குழி பின்னோக்கி நகர்ந்து கரையின் தலையையே தொட்டுவிட்டால், அப்புறம் தேங்கிய நீர் முழுவதும் அந்த வாயிலைத் தேடிக்கொண்டுதான் வரும். அழகாபுரியில் வாய் ஓரிடத்தில் மட்டும் திறக்கவில்லை. 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை அகலமான உடைப்புகள் கரை நெடுகக் காணப்பட்டன.

இதைத் தெய்வச் செயல் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நமக்குப் பழக்கமான காரியம். ஆனால் கொஞ்சம் நின்று எண்ணிப் பார்த்தால் ஒரு விஷயம் புலனாகும். ஷட்டரைத் தூக்க மின்சாரம், மின்சாரம் போனால் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் உதவாவிட்டால் மனிதக் கை என்று, காகிதத்தில் பார்த்தால் மூன்றடுக்குக் காவல் அங்கே இருந்தது. ஆனால், எந்த மழை ஆற்றை நிரப்புமோ அந்த மழையே மின்கம்பத்தையும் சாய்க்கும். அந்த மழையிலேதான் ஜெனரேட்டரைக் கிளப்ப வேண்டும். அந்த மழையில் நனைந்துகொண்டேதான் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். மூன்று காவலாளிகளுக்கும் ஒரே நோய் வரக்கூடியதாயிருந்தது.

இந்த உண்மையை எனக்குப் பளிச்சென்று விளங்கச் செய்தவர் எஞ்சினீயர் அல்லர். நாகல்நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதியவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி விசாரிக்கப்போய், பேச்சு கோயில் உண்டியலுக்குத் தாவியது. உண்டியலுக்கு இரண்டு பூட்டு எதற்கு என்று கேட்டேன். அவர் இடுக்கியில் பிடித்திருந்த பித்தளைச் சாவியின் பல்லை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, வாயால் ஊதிவிட்டுச் சொன்னார்:

“ஒரு சாவி கோயில்காரர்கிட்ட, இன்னொண்ணு ஆபீசர்கிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் திறக்கும். ரெண்டு பூட்டுக்கும் ஒரே சாவின்னா, அது ரெண்டு பூட்டு இல்லே தம்பி. ஒரே பூட்டுதான்; இரும்புதான் ரெண்டு பங்கு.”

செய்து முடித்த பூட்டை அவர் சோதிக்கும் முறையும் கவனிக்கத்தக்கதாயிருந்தது. அதன் சொந்தச் சாவியைப் போட்டு ஒரு தடவை திறந்து பார்த்ததோடு சரி. பிறகு ஆணியில் தொங்கிய வளையத்திலிருந்து வேறு வேறு பூட்டுகளின் சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்து நுழைத்துத் திருகிக்கொண்டேயிருந்தார். “தன் சாவிக்குத் திறக்காத பூட்டு உண்டா ஐயா?” என்றேன். “அதனாலதான் அதைப் பார்த்து என்ன ஆகப்போகுதுன்னு இதைப் பார்க்கிறேன்” என்றார்.

உலகத்துப் பெரிய விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைப் புரட்டினால், இந்தப் பட்டறை வாக்கியம் பல பாஷைகளில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி ஜப்பானில் பூகம்பம் நேர்ந்தபொழுது, புகுஷிமா அணுமின் நிலையத்துக்கு வெளியிலிருந்து வந்த மின்சாரம் அறுந்தது. டீசல் ஜெனரேட்டர்கள் ஒழுங்காகவே ஓடத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்குள் ஆழிப்பேரலை வந்து, பெரும்பாலும் கட்டடங்களின் அடித்தளத்தில் வைத்திருந்த அந்த ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. எண்ணிக்கையில் ஒன்றுக்குப் பலவாக இருந்தும், இருந்த இடம் ஒன்றாக இருந்ததனால், ஏறக்குறைய எல்லாம் ஒரே அலைக்கு இரையாகி, மூன்று உலைகள் உருகின. ஆனால் ஆறாவது உலைக்கென்று, தண்ணீரால் அல்லாமல் காற்றால் குளிரும் ஜெனரேட்டர் ஒன்று, தனிக் கட்டடத்தில் சற்று உயரத்தில் இருந்தது. அது பிழைத்தது, ஐந்தாவது, ஆறாவது உலைகளையும் பிழைக்க வைத்தது. வேறு சாவி என்பது அதுதான்.

இரும்பும் சிமெண்டும் சம்பந்தப்படாத கணிப்பொறி உலகத்தில் இந்தப் பிழை இன்னும் நிர்வாணமாகத் தெரியும். 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி, ஐரோப்பியர்களின் ஏரியான் 5 ராக்கெட் தன் கன்னிப் பயணத்தில் கிளம்பி 40 விநாடி நிறைவதற்குள் வானத்திலேயே சிதறியது. அதன் திசையறியும் கருவி பழுதானால் உதவட்டும் என்று, இன்னொரு கருவியும் உள்ளே இருந்தது. இரண்டிலும் ஓடியது ஒரே மென்பொருள். அதுவும் முந்திய ஏரியான் 4 ராக்கெட்டுக்காக எழுதப்பட்டு, அங்கே நன்றாக உழைத்ததனால் அப்படியே கொண்டுவரப்பட்டது. புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். அந்த வேகத்தைக் குறிக்கும் எண், அதற்கென்று ஒதுக்கியிருந்த சிறிய இடத்தில் கொள்ளவில்லை. 32,767 வரை மட்டுமே எழுதக்கூடிய கட்டத்தில் அதைவிடப் பெரிய எண்ணைத் திணித்தவுடன், காப்புக் கருவி நின்றது. கண்ணிமைக்கும் நேரத்தில் அதே காரணத்தால் பிரதானக் கருவியும் நின்றது. ஒன்று பழுதானபொழுது மற்றொன்று அதே பழுதை ஏற்கெனவே அனுபவித்து முடித்திருந்தது! கருவி தேய்ந்தால் இரண்டாவது கருவி உதவும். கருத்தே தவறாக இருந்தால் அதன் நகலால் என்ன பிரயோஜனம்?

இவ்வளவு எளிய விஷயம் அறிவாளிகளுக்கு ஏன் முன்கூட்டித் தோன்றுவதில்லை என்று கேட்கலாம். இரண்டாவதாக ஒன்றை வாங்குவது சுலபம். முதலாவது எதனால் கெடுமோ அதனால் கெடாத இரண்டாவதைத் தேடுவது சிரமம். கோப்பில் “மாற்று ஏற்பாடு உண்டா?” என்ற கேள்விக்கு எதிரே “உண்டு” என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் அந்த வரி நிறைந்துவிடுகிறது. இரண்டும் எதனால் ஒருங்கே கெடும் என்று கேட்பதற்கு அந்தக் காகிதத்தில் கட்டம் கிடையாது.

குடகனாறு அணை உடைந்து இரண்டு வருஷம் நிறைவதற்குள், 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் தேதி, குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணை உடைந்தது. அங்கும் மண்கரை, அங்கும் ஷட்டர்களிற் சில திறவாமல் நின்றன. கீழே இருந்த மோர்பி நகரத்தில் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். வந்த வெள்ளமோ கணக்கிட்டதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 1985இல் இந்திய தர நிர்ணய அமைப்பு, எத்தகைய அணைக்கு எத்தகைய வெள்ளத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று விதி வகுத்தது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்வதையும், அவசரச் செயல்திட்டம் வைத்திருப்பதையும், உடைப்புகளைப் பதிவு செய்வதையும் கடமையாக்கியது. அழகாபுரிக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவே நாற்பத்து நான்கு வருஷம். விபத்தின் பாடம் இவ்வளவு மெதுவாகத்தான் நடக்கும். ஏரியானின் விசாரணை அறிக்கையோ அடுத்த மாதமே உலகத்தார் எல்லோரும் வாசிக்கும்படி வெளியாயிற்று. அதனால்தான் இன்றும் கல்லூரிகளில் அது பாடமாக இருக்கிறது. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள எஞ்சினீயரிங் கல்லூரிகளில் ஏரியானைப் பற்றிப் படிக்கும் மாணவர்களில் எத்தனை பேர், பஸ்ஸில் சென்றால் ஒரு மணி நேரத்துக்குள் அடையக்கூடிய அழகாபுரிக் கரையில் நின்று இந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள்?

வெளிநாட்டுக்குப் போவானேன், வேறு சாவி நம் ஏரிக்கரைகளிலேயே இருக்கிறது. இந்தச் சமவெளியில் எந்தக் கண்மாயைப் பார்த்தாலும், கரையின் ஒரு முனையில் கல்லால் கட்டிய கலிங்கு இருக்கும். நீர் குறித்த மட்டத்தை எட்டியதும் தானே வழிந்து ஓடை பிடித்துப் போய்விடும். அதைத் திறக்க மின்சாரம் வேண்டாம், சாவி வேண்டாம், காவல் பார்க்கும் லஸ்கர் தூங்கிப்போனாலும் குற்றமில்லை. எந்த வெள்ளம் ஆபத்தோ, அந்த வெள்ளமே கதவைத் திறக்கும் கையாகவும் இருக்கும்படி செய்துவிட்டார்கள் நம் முன்னோர். மதகு உழவனின் சௌகரியத்துக்கு, கலிங்கு கரையின் உயிருக்கு என்று இரண்டையும் பிரித்து வைத்தது சாமானிய புத்தியன்று. ஷட்டர்களால் கிடைக்கும் நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஷட்டரே மதகாகவும் கலிங்காகவும் ஆகிவிடும்பொழுதுதான் அச்சம் உண்டாகிறது.

2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி, கணிப்பொறிகளைக் காப்பதற்காகவே ஏற்பட்ட கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால், உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. அவற்றில் பலவற்றுக்கு ஆள் ஒருவர் நேரே சென்று உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அழகாபுரியில் கைப்பிடி சுற்றியவர்களைத்தான் எனக்கு நினைவூட்டியது அது. அன்று நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பலர் அதை வேடிக்கையாகப் படமெடுத்துப் பரப்பினார்கள். எனக்கு அது கலிங்காகத் தோன்றியது.

அதற்குச் சில நாட்களுக்குப் பின், திண்டுக்கல்லில் ஒரு சிறிய பிரியாணிக் கடையில் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்தபொழுது, என் செல்போன் உயிரை விட்டிருந்தது. பையில் இரண்டு வங்கிகளின் பணம் இருப்பதாக எனக்கு எண்ணம். இரண்டும் அந்த ஒரே செல்போனுக்குள்தான். சட்டைப்பையில் ஒரு ரூபாய் இல்லை. கல்லாவில் இருந்த அண்ணாச்சி சிரித்துவிட்டு, மேஜை அறையிலிருந்து முனை மடங்கிய நீள நோட்டு ஒன்றை எடுத்து, பேரும் தொகையும் எழுதிக்கொண்டு, “நாளைக்குக் கொடுங்க” என்றார். இரண்டு பூட்டுக்கு ஒரே சாவி வைத்திருந்தவன் நான். கலிங்கு அவரிடம் இருந்தது.

அழகாபுரியில் மீண்டும் அணை எழுந்து நிற்கிறது. ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில், அணைகளில் ஷட்டர்களுக்கு வர்ணம் பூசி, கிரீஸ் தடவி, மின்சாரத்தைப் போட்டு ஏற்றி இறக்கிப் பார்ப்பது வழக்கம். அது சொந்தச் சாவியைப் போட்டுத் திறந்து பார்ப்பது. அந்த நாளில் ஒரு மணி நேரம், வேண்டுமென்றே மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஜெனரேட்டரையும் தொடாமல், இரண்டு ஆட்களைக் கைப்பிடியில் நிறுத்தி, ஒரு ஷட்டர் முழுவதும் ஏற எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து, அந்த எண்ணை ஆற்றில் வெள்ளம் ஏறும் வேகத்துக்கு எதிரே எழுதி வைத்தால் போதும். இரண்டு எண்களும் ஒத்துப்போகாவிட்டால், அதைத் தெரிந்துகொள்வதற்கு வெயிலடிக்கும் புரட்டாசியைவிட நல்ல நாள் கிடையாது.