பைக்குக்குப் பின்னாடி ஒரு கேமரா: கம்பம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

பைக் வீடியோ பத்திப் பேசும்போதெல்லாம் வர்ற கேள்வி இது. ரைடர், பைக், முன்னாடி விரியற ரோடு எல்லாம் சேர்ந்து தெரியுது, யாரோ பின்னாலயே பறந்து வந்து எடுத்த மாதிரி இருக்கு. அந்த ஷாட்டை வீட்டுலயே எப்படி எடுக்கறது? கடை மவுண்ட் வாங்காம, நம்ம ஊர் பட்டறையிலயே ஒரு கம்பம் செஞ்சுக்க முடியுமா?

முடியும். அதுக்கு முன்னாடி அந்த ஷாட் எப்படி வேலை செய்யுதுன்னு பாப்போம். பெரும்பாலும் அது 360 டிகிரி கேமரா. முதுகோடு முதுகு ஒட்டின மாதிரி ரெண்டு லென்ஸ் இருக்கும். ரெண்டு படத்தையும் மென்பொருள் தைக்கும்போது, நடுவுல ரெண்டு லென்ஸுக்கும் தெரியாத ஒரு ஒல்லியான பகுதி விட்டுப்போகும். கம்பம் அந்த இடத்துல நேரா நின்னா, வீடியோவுல காணாமப் போயிடும். அதனால கம்பம் மெல்லிசான ராடா இருக்கணும்.

இப்போ நீளம். எல்லாருக்கும் ஒன்றரை மீட்டர் கம்பம் மேல ஆசை. ஆனா ஒரு முனை மட்டும் பிடிச்சிருக்கிற கம்பத்தோட நீளத்தை ரெண்டு மடங்காக்கினா, அதே எடைக்கு அது எட்டு மடங்கு வளையும். 20 மி.மீ. வெளி விட்டம், 1.2 மி.மீ. சுவர் உள்ள இரும்பு பைப்புல 200 கிராம் கேமரா மாட்டி நான் போட்ட கணக்கு இது: ஒரு மீட்டர் நீளத்துல கம்பம் தானா ஆடுற வேகம் நொடிக்கு சுமார் 12 தடவை. பள்ளத்துல ஏறி இறங்கும்போது பைக் சக்கரம் துள்ளுற வேகமும் நொடிக்கு ஏறக்குறைய 10 முதல் 15 தடவைதான். ரெண்டும் ஒத்துப்போனா என்ன ஆகும்? ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளிவிடற மாதிரி ஆட்டம் ஏறிக்கிட்டே போகும். 70 செ.மீ.க்குக் குறைச்சா அது சுமார் 22 ஆகுது. சக்கரத் துள்ளலைத் தாண்டிடுச்சு. இன்ஜின் ஐடில்ல 1,400 ஆர்பிஎம்னா நொடிக்கு 23 சுற்று, அதனால சிக்னல்ல நிக்கும்போது கொஞ்சம் நடுங்கும். ஓடும்போது 5,000 ஆர்பிஎம்ல அது 83 ஆயிடும், தொந்தரவு குறையும். அடி ஆடாம இறுகியிருந்தாதான் இந்தக் கணக்கு செல்லும்.

அதனால என் டிசைன் இதுதான். ஒரு மீட்டர் பைப். முதல் 30 செ.மீ. பின் கேரியர் மேல படுத்திருக்கும். அங்கிருந்து பட்டறையில 45 டிகிரி மேல்நோக்கி வளைச்சிடணும், வெல்டிங் வேண்டாம். ஒரே ஒரு கிளாம்ப் போட்டா கம்பம் அதைச் சுத்தித் திரும்பும். அதனால ரெண்டு யு-கிளாம்ப், நடுவுல 15 செ.மீ. இடைவெளி. அடியில சைக்கிள் ட்யூப் ரப்பர். நட்டு எல்லாம் நைலாக்.

ஏன் இரும்பு? இதுக்கு எங்க ஊர்லயே பதில் இருக்கு. விருத்தாசலம்னா செராமிக். கரண்ட் கம்பத்து இன்சுலேட்டர், ஃப்யூஸ் கட்டை, அகல் விளக்கு, பொம்மைன்னு சுட்ட மண்ணை நம்பி ஓடுற ஊர். பீங்கான் அழுத்தத்தை நல்லாத் தாங்கும். இழுத்தாலோ வளைச்சாலோ, முன்னறிவிப்பே இல்லாம டப்புனு உடையும். இரும்பு அப்படி இல்ல, முதல்ல வளையும். நமக்கு வேண்டியது சொல்லிட்டு உடையற பொருள். பிவிசி வெயில்ல காய்ஞ்சு காய்ஞ்சு பீங்கான் குணத்துக்கு வந்துடும். அலுமினியம் லேசுதான், ஆனா சின்னச் சின்ன ஆட்டம் லட்சக்கணக்குல சேர்ந்தா அதுலயும் விரிசல் விழும். இரும்புல ஒரு அளவுக்குக் கீழ இருக்கிற அதிர்வு எத்தனை தடவை வந்தாலும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது.

சரி, அப்படியும் உடைஞ்சா? இதைத்தான் முதல்ல யோசிக்கணும். கேரியர் உயரம் தரையிலிருந்து சுமார் 80 செ.மீ. 45 டிகிரியில போற கம்பத்தோட முனை அதுக்கு மேல 50 செ.மீ., பின்னாடி 50 செ.மீ. அதாவது தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்துல நிக்குது. பின்னாடி வர்ற பைக்காரருக்கு அது நெஞ்சு, கழுத்து உயரம். உங்க பைக் அரை மீட்டர் நீளமாயிடுச்சுன்னு அவருக்கு யாரும் சொல்லல. மெல்லிசான ராடு அவர் கண்ணுல படவும் படாது. நீங்க சடன் பிரேக் போட்டா அந்த அரை மீட்டர் அவருடையது.

அதனால சில விதிகள். கேமராவுக்குத் தனியா ஒண்ணு, பைப்புக்குத் தனியா ஒண்ணுன்னு ரெண்டு ஸ்டீல் கேபிள் கட்டணும். கிளாம்ப்ல கட்டாதீங்க, ஃபிரேம்ல கட்டுங்க. கிளாம்ப் போனா கேபிளும் சேர்ந்து போகக் கூடாது. கேபிள் நீளம் தரையையோ பின் சக்கரத்தையோ தொடாத அளவு. முனைக்குக் கொஞ்சம் கீழே சிவப்பு ரிஃப்ளெக்டர். பின் விளக்கையும் நம்பர் பிளேட்டையும் எதுவும் மறைக்கக் கூடாது. பாலக்கரை மாதிரி நெரிசலுக்குள்ள வரும்போது கம்பத்தைக் கழட்டிப் பையில வச்சுடணும். வேகமா கழட்ட முடியாத மவுண்ட் நல்ல மவுண்ட் இல்ல.

கேமரா இல்லையே, போனை மாட்டலாமான்னு கேப்பீங்க. வேண்டாம். பைக் இன்ஜின் அதிர்வு ஐபோன் கேமராவோட நிலைப்படுத்தும் பாகத்தைக் கெடுக்கலாம்னு ஆப்பிள் நிறுவனமே 2021-ல எச்சரிச்சிருக்கு.

சட்டத்தையும் பாத்துக்கங்க. 2022-ல கேரள மோட்டார் வாகனத் துறை, ஹெல்மெட்ல கேமரா மாட்டினா நடவடிக்கைன்னு அறிவிச்சது. மாநிலம் தாண்டி ரைடு போறவங்க கிளம்பறதுக்கு முன்னாடி அங்க நிலைமை என்னன்னு விசாரிச்சுக்கங்க.

கடைசியா, முதல் ஓட்டத்துல கேமராவை மாட்டாதீங்க. 200 கிராம் மணலை ஒரு பையில இறுக்கிக் கட்டி மாட்டுங்க. ஒவ்வொரு நட்டுலயும் பெயிண்ட்ல ஒரு கோடு போடுங்க, கோடு பைப் வரைக்கும் வரட்டும். காலியான ரோட்டுல 5 கிலோமீட்டர் போய் நிறுத்திப் பாருங்க, அப்புறம் 20. கோடு விலகியிருந்தா நட்டு சுத்தியிருக்கு. வளைவுல விரிசல் ஏதாவது இருக்கான்னு நல்லாப் பாருங்க. ரெண்டும் சரின்னா மணல் பையை இறக்கிட்டு கேமராவை ஏத்துங்க.

அடுத்த எபிசோடுல ஹெல்மெட் போட்டுக்கிட்டே காத்துச் சத்தம் இல்லாம குரல் பதிவு பண்றது எப்படின்னு பேசலாம். பாத்து ஓட்டுங்க மக்களே.