காரணம் தேடும் வைத்தியம்



பெண்கள் சொல்ல நாணி மறைக்கும் நோயொன்றுண்டு. மலக்குடலுக்கும் யோனிக்கும் இடையிலுள்ள மெல்லிய சுவரிலே துளை விழுந்து, காற்றும் மலமும் யோனிவழியே வெளிப்படும். பிஸ்டுலா என்பர் வைத்தியர். ‘வெள்ளைபடுகிறது’ என்று மட்டும் கூறி, அதற்கே மருந்துண்டு காலங்கழிப்போர் பலர். பாடசாலைச் சுகாதார பாடத்திலே இவ்வுறுப்புகளின் பெயரையே தாண்டிச் செல்லும் நாம் அவர்களைக் குறைகூற இயலாது.

பிரசவக் காயமே இதற்குப் பெருங்காரணம். அவ்வாறாயின் பெரும்பாலும் சில நாள்களிலோ வாரங்களிலோ தெரிந்துவிடும். பிரசவித்துப் பத்தாண்டு கழிந்தவளுக்கு, அல்லது பிள்ளையே பெறாதவளுக்கு இது தோன்றினால்? முன்னர் கதிர்ச் சிகிச்சை பெற்றதுண்டா, ஆசனவாயருகே சீழ்க்கட்டி வந்ததா என வைத்தியர் வினவுவார். கதிரின் தீங்கு பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். புற்றுநோயையும் காசநோயையும் கண்டறியத் துளையோரத்தில் சிறிது தசையெடுத்துச் சோதிப்பர்.

எளிதில் ஏமாற்றுவது குரோன் நோய். 1932இல் நியூயோர்க்கில் குரோனும் தோழர் இருவரும் இதனைச் சிறுகுடலின் கடைப்பகுதி நோயாகவே விவரித்தனர். வாய்முதல் ஆசனவாய்வரை எங்கும் வரக்கூடியதெனப் பின்னரே தெளிவாயிற்று. வயிற்றுநோவும் கழிச்சலும் தோன்றுமுன்னரே இத்துளை முதற்குறியாக வருவதுண்டு. ஆதலின் துளையைப் பார்த்தது போதாது; குடலையும் உள்நோக்கிக் கருவியால் ஆராய்தல் வேண்டும்.

தைத்துவிட்டால் முடிந்ததே என்பாருமுளர். அழற்சி அடங்காத குடலிலிட்ட தையல் பிரிந்துபோதல் எளிது. ஒருமுறை பிரிந்தால் மறுமுறை தைப்பது மேலும் கடினம். முதற்சோதனையில் ஒன்றும் அகப்படாவிடின், சில மாதங்களின் பின் மீண்டும் பார்க்கும்படி நோயாளி தயங்காது கேட்கலாம்.