வெளிநாட்டில் ஒளிப்படப் பயிற்சி: பணம் கட்டும் முன், கேமராவை எடுக்கும் முன்

காத்மாண்டு, ஹனோய், இஸ்தான்புல், ஹவானா என ஏதாவதோர் ஊரில் ஒரு வாரமோ பத்து நாளோ தங்கி, பெயர்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஒருவரிடம் ஆவண ஒளிப்படக் கலையைக் கற்றுக்கொள்ளும் பயிற்சிப் பட்டறைகள் இன்று ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டன. பகலில் தெருவில் படமெடுப்பது, இரவில் எடுத்த படங்களை எல்லோர் முன்னும் வைத்து அலசுவது, கடைசி நாளில் திரையிடுவது என்பது பொதுவான அமைப்பு. மனிதர்களின் அன்றாடத்தைப் படமாக்கும் கலையை வகுப்பறைக்குள் உட்கார்ந்து கற்றுவிட முடியாது என்பதால் இந்த முறைக்கு மதிப்பு உண்டு.

இதில் இரண்டு உடன்பாடுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, நீங்களும் அமைப்பாளரும் செய்துகொள்வது. அது எழுத்தில் இருக்கும். மற்றொன்று, உங்களுக்கும் உங்கள் லென்ஸின் முன் நிற்பவருக்கும் இடையிலானது. அதை யாரும் எழுதி வைப்பதில்லை. முதலாவதில் ஏமாறாமலும், இரண்டாவதில் ஏமாற்றாமலும் இருப்பது எப்படி என்பதைக் காத்மாண்டுப் பள்ளத்தாக்கை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்க்கலாம்.

எதற்குப் பணம் கட்டுகிறீர்கள்?

கட்டணம் கூடுதலாக இருந்தால் பயிற்சியும் உயர்வாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் 2005 முதல் நடந்துவரும் அங்கோர் ஒளிப்பட விழாவின் பட்டறையில், தேர்வாகும் ஆசிய ஒளிப்படக்காரர்களிடம் பயிற்சிக் கட்டணம் வாங்குவதில்லை. அமெரிக்காவில் 1988-ல் தொடங்கிய எடி ஆடம்ஸ் பட்டறையிலும் பயிற்சி இலவசம். இரண்டிலும் பணத்தைப் பார்த்து இடம் தருவதில்லை, நீங்கள் அனுப்பும் படங்களைப் பார்த்துத்தான் தருகிறார்கள். முதலில் இத்தகைய வாய்ப்புகளுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள்.

கட்டணப் பட்டறை என்றால், பணம் கட்டும் முன் இவற்றை மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள்:

- விளம்பரத்தில் உள்ள ஆசிரியர் எல்லா நாளும் இருப்பாரா? அவர் வர முடியாமல் போனால் யார் வருவார், பணம் திரும்பக் கிடைக்குமா?
- மொத்தம் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் ஆசிரியரோடு தனியாக எவ்வளவு நேரம்?
- கட்டணத்தில் தங்குமிடம், உள்ளூர்ப் பயணம், மொழிபெயர்ப்பாளர் செலவு ஆகியவை அடக்கமா?
- உள்ளூரில் வழிகாட்டி ஏற்பாடு செய்து தரும் ‘ஃபிக்ஸர்’ யார், அவருக்கு யார் ஊதியம் தருகிறார்?
- பட்டறை ரத்தானால், அல்லது நீங்கள் விலகினால், எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

கடைசிக் கேள்வியை வெறும் சடங்காக நினைத்துவிட வேண்டாம். 2025 செப்டம்பரில் நேபாளத்தில் இளைஞர் போராட்டம் வெடித்தபோது நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையானது, பிரதமர் பதவி விலகினார், காத்மாண்டு விமான நிலையம் மூடப்பட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் ‘எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்களுக்குப் பொறுப்பில்லை’ என்ற ஒற்றை வரி மொத்தப் பணத்தையும் விழுங்கிவிடும். அதே கட்டணத்தில் மறு தேதியில் சேர்த்துக்கொள்வதாகவாவது எழுதி வாங்குங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, உள்நாட்டுக் கலவரத்துக்கு அது பொருந்துமா என்று பாருங்கள். கேமராவுக்கு அதில் கிடைக்கும் தொகை பெரும்பாலும் சொற்பமே. விலை உயர்ந்த கருவி என்றால் அதற்குத் தனிக் காப்பீடு தேவை.

முழுத் தொகையையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். தனிநபரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிய பணத்தை மீட்பது கடினம். கடன் அட்டையில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்காதபோது வங்கி வழியே பணத்தைத் திரும்பப் பெறும் ‘சார்ஜ்பேக்’ கேட்கும் வாய்ப்பாவது இருக்கும்.

விசா, சுங்கம், பேட்டரி

நேபாளம் செல்ல இந்தியர்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை போதும். எல்லா நாடுகளிலும் இப்படி இல்லை. பல நாடுகளில் சுற்றுலா விசாவில் செய்திப் பணி செய்வது விதிமீறல். பட்டறைக்கு எந்த வகை விசா என்பதை அமைப்பாளர் எழுத்தில் சொல்ல வேண்டும். ‘டூரிஸ்ட் என்று சொல்லிவிடுங்கள்’ என்பவரிடம் கவனம் தேவை. மாட்டிக்கொள்ளப்போவது அவரல்ல, நீங்கள்.

ட்ரோன் வேண்டுமென்றால் அந்த நாட்டின் விதியை முதலில் பாருங்கள். நேபாளத்தில் அதைப் பறக்கவிட அனுமதி வாங்க வேண்டும். மொராக்கோவுக்குள் கொண்டுசென்றாலே பறிமுதல் செய்வார்கள். லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் உதிரி பேட்டரி கூடாது. இந்தியாவிலிருந்து கிளம்பும்போதே கேமரா, லென்ஸ்களின் வரிசை எண்களைச் சுங்க அலுவலரிடம் காட்டி ‘எக்ஸ்போர்ட் சர்ட்டிபிகேட்’ வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது ‘வெளிநாட்டில் வாங்கியதா?’ என்ற கேள்வி எழுந்து வரி கட்ட நேராது.

போராட்டம், ராணுவம், எல்லைப் பகுதி ஆகியவற்றைப் படமெடுப்பது பயிற்சியின் பகுதி அல்ல. டாக்காவில் 1998-ல் பாட்ஷாலா ஒளிப்படப் பள்ளியை நிறுவிய ஷஹிதுல் ஆலம், 2018-ல் மாணவர் போராட்டம் பற்றித் தொலைக்காட்சிக்குப் பேட்டி தந்த பிறகு கைதாகி நூறு நாளுக்கு மேல் சிறையில் இருந்தார். உலகப் புகழ் பெற்றவருக்கே அந்த நிலை. வெளிநாட்டில் கைது செய்யப்பட்டால், நம் தூதரகத்துக்குத் தகவல் தரச் சொல்லிக் கேட்கும் உரிமை 1963-ம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கைப்படி உங்களுக்கு உண்டு. தூதரகத்தின் அவசர எண்ணைத் தாளிலும் எழுதி வைத்திருங்கள், போன் பறிபோகலாம்.

லென்ஸின் முன் நிற்பவரின் உரிமை

2018-ல் வேர்ல்டு பிரஸ் போட்டோ அமைப்பின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வெளியான ஒரு படத்தொகுப்பு பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. உத்தரப் பிரதேச, மத்தியப் பிரதேசக் கிராமங்களின் ஏழை மக்களைப் போலி உணவு பரப்பிய மேசை முன் கண்களை மூடி நிற்கவைத்து எடுத்த படங்கள் அவை. நம் மக்களைக் காட்சிப்பொருளாக்கியபோது நாம் கொதித்தோம். காத்மாண்டில் இறங்கும்போது கேமரா நம் கையில் இருக்கிறது.

நேபாளத்தின் 2017-ம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தொகுப்பு, ஒருவரின் இசைவில்லாமல் அவரைப் படமெடுப்பதைக் குற்றமாக வைத்திருக்கிறது. பொது இடத்தை எடுக்கும்போது தற்செயலாக ஆட்கள் விழுவதற்கு விலக்கு உண்டு. பிரான்ஸ், ஜெர்மனி, ஹங்கேரி போன்ற நாடுகளிலும் தன் உருவத்தின் மீது தனிமனிதருக்குச் சட்ட உரிமை இருக்கிறது. ‘தெருவில் நிற்பவரை யாரும் எடுக்கலாம்’ என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் விதி அல்ல.

சட்டம் அனுமதித்தாலும் சரியல்லாத இடங்கள் உண்டு. பசுபதிநாதர் கோயிலை ஒட்டிப் பாக்மதி ஆற்றங்கரையில் சிதைகள் எரியும்போது, எதிர்க்கரையில் நீண்ட லென்ஸ்களோடு வரிசையாக நிற்பதைப் பல சுற்றுலாக் குழுக்கள் வழக்கமாகவே வைத்திருக்கின்றன. அந்தச் சிதைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. குமாரி இல்லத்தில் வாழும் தெய்வமாக வணங்கப்படும் சிறுமியைப் படமெடுக்கத் தடை உண்டு. ‘தந்திரமாக எடுத்துவிடலாம்’ என்று சொல்லித்தரும் ஆசிரியர் அந்த ஊருக்கும் உங்களுக்கும் செய்வது தீங்குதான்.

பக்தபூர்ப் பகுதியின் செங்கல் சூளைகள் பட்டறைகளுக்குப் பிடித்த இடம். புகை, தூசி, சுமை எல்லாமே படத்துக்கு வாகானவை. அங்கே சூளை முதலாளியின் அனுமதி வேறு, தொழிலாளியின் இசைவு வேறு. முன்பணம் வாங்கிக்கொண்டு மேஸ்திரியோடு வந்து தங்கியிருக்கும் தொழிலாளி, முதலாளி அழைத்துவந்த விருந்தாளியிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் நிலையில் இல்லை. அவர் முகம் தெரியும் ஒரு படம் வெளியானால் அடுத்த பருவத்தில் வேலை போகலாம். ஆகவே மேஸ்திரி இல்லாத இடத்தில், அவர் மொழியில், படம் எங்கெல்லாம் வரும் என்று சொல்லிக் கேட்க வேண்டும். பின்னால் மனம் மாறினால் தொடர்புகொள்ள ஒரு தொலைபேசி எண்ணையும் தர வேண்டும். ஒரு குயவரையோ சுமைதூக்கும் பெண்ணையோ பத்துக் கேமராக்கள் ஒரே நேரத்தில் சூழ்வதை அமைப்பாளர் அனுமதிக்கக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கண்டிப்பு தேவை. ‘அனாதை இல்லத்தில் ஒரு நாள்’ என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தால் அந்தப் பட்டறையைத் தவிர்ப்பதே நல்லது. நேபாளத்திலும் கம்போடியாவிலும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் குழந்தைகள் பலருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். பார்வையாளர்களும் நன்கொடையும் வருவதாலேயே குழந்தைகள் அங்கே கொண்டுவரப்படுகிறார்கள் என்று யுனிசெஃப் எச்சரித்துவருகிறது.

பணம் தரலாமா என்ற கேள்வியும் வரும். பசுபதிநாதர் வளாகத்தில் சாதுக்கள் சிலர் படத்துக்குப் பணம் கேட்பார்கள். தருவது குற்றமல்ல. ஆனால் காசு கொடுத்து நிற்கவைத்த படத்தை ‘தவத்தில் ஆழ்ந்த துறவி’ என்று வெளியிட்டால் அது பொய். படக்குறிப்பில் உள்ளதைச் சொல்லுங்கள். பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெஷாவர் அருகே அகதி முகாமில் 1984-ல் எடுக்கப்பட்டு, மறு ஆண்டு நேஷனல் ஜியாகரபிக் அட்டையில் வந்த ஆப்கன் சிறுமியின் முகம் உலகமெங்கும் பரவியது. ஷர்பத் குலா என்ற அவரது பெயர் 2002-ல்தான் வெளியே தெரிந்தது.

படம் யாருடையது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி படத்தை எடுத்தவரே அதன் முதல் உரிமையாளர். கட்டணம் கட்டிப் பயில வந்தவர் அமைப்பாளரின் ஊழியர் அல்ல. உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில் கையெழுத்து வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமையை விற்ற பிறகும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமை உங்களிடமே இருக்கும். பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் பதிவு செய்யாமலே இந்தப் பாதுகாப்பு கிடைக்கும்.

சேர்க்கைப் படிவத்தில் ‘எடுக்கும் எல்லாப் படங்களையும் எந்த ஊடகத்திலும் காலவரையின்றிப் பயன்படுத்தலாம்’ என்ற வரி இருந்தால் அடித்துத் திருத்தக் கேளுங்கள். பட்டறையின் பெயரோடு, உங்கள் பெயரோடு, ஓராண்டுக்கு என்று வரையறுக்கலாம். இதில் இன்னொருவரும் இருக்கிறார். கற்கத்தான் எடுக்கிறேன் என்று நீங்கள் சொன்னதை நம்பி நின்ற பெண்ணின் முகம், அடுத்த ஆண்டு அமைப்பாளரின் விளம்பரத்தில் வந்தால் அந்த வாக்குறுதியை மீறியவர் நீங்கள்தான். விளம்பரப் பயன்பாட்டுக்கு அவரிடம் தனியாக எழுத்துப்பூர்வ இசைவு வாங்க வேண்டும்.

உங்கள் பாதுகாப்பு

செய்தி ஒளிப்பட உலகில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் பற்றி 2018-ல் கொலம்பியா ஜர்னலிசம் ரிவ்யூ விரிவான புலனாய்வை வெளியிட்டது. புகழ்பெற்றவரின் சிபாரிசுக்காகக் காத்திருக்கும் இளையவர், ஊர் தெரியாத இடம், ஒரே விடுதி எனப் பட்டறையின் அமைப்பே அதிகாரத்தை ஒரு பக்கம் குவிக்கிறது. எழுதப்பட்ட நடத்தை விதி இருக்கிறதா, புகாரைக் கேட்க ஆசிரியர் அல்லாத ஒருவர் இருக்கிறாரா என்று சேரும் முன்பே கேளுங்கள். படங்களை அலசுவது பொது அறையில் நடக்கட்டும். அமைப்பாளர் இந்திய நிறுவனம் என்றால் உள்ளகப் புகார்க் குழு உண்டா என்று பாருங்கள். பத்துப் பேருக்குக் குறைவான ஊழியர் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும்.

குற்றம் செய்தவர் இந்தியக் குடிமகன் என்றால், அது வெளிநாட்டில் நடந்திருந்தாலும் நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். இங்கே காவல் நிலையத்தில் புகார் தரலாம். விசாரணை நீதிமன்றத்துக்குப் போக மத்திய அரசின் முன்அனுமதி தேவைப்படும்.

எங்கே முறையிடுவது?

முதலில் அமைப்பாளருக்கு மின்னஞ்சலில், தேதியோடு, என்ன குறை, எவ்வளவு கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள். விளம்பரத்தின் நகல், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேமியுங்கள். கூடவே வங்கியிடம் சார்ஜ்பேக் கேளுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடக் கூடாது. வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். பட்டறையே போலி என்றால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்தின் வரம்பு. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, காலக்கெடு 2 ஆண்டுகள். இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியே தாக்கல் செய்யலாம். வழிகாட்டுதலுக்கு நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். முறையான கல்வி நிறுவனம் தரும் கல்வி இந்தச் சட்டத்தின் ‘சேவை’யில் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் தீர்ப்பளித்தது. பயிற்சி மையங்களுக்கு அந்த விலக்கு இல்லை.

இந்தியாவில் அலுவலகமே இல்லாத அமைப்பாளரிடம் இங்குள்ள தீர்ப்பை நிறைவேற்றுவது கடினம். அவர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர் என்றால், தங்குமிடத்தோடு சேர்த்து விற்ற பயணத்தை அவரே ரத்து செய்யும்போது 14 நாளில் பணத்தைத் திருப்பித் தர அங்குள்ள விதி கட்டாயப்படுத்துகிறது. அதைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். வெளிநாட்டில் தவிக்க நேர்ந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் குறையைப் பதியலாம்.

அமைப்பாளரிடம் ஏமாந்தால் உங்களுக்கு ஆணையம், வங்கி, தூதரகம் என்று போக இடமிருக்கிறது. உங்கள் படத்தால் பாதிக்கப்படும் சூளைத் தொழிலாளிக்கு அப்படி எந்த அலுவலகமும் எட்டாது. அவருக்குள்ள ஒரே பாதுகாப்பு நீங்கள் கேட்கும் இசைவும், அதற்கு நீங்கள் தரும் மதிப்பும்தான். அமைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். எதிரில் நிற்பவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டில் எது மறுக்கப்பட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள்.