பக்கத்து ஊர் மொழியில் ஒரு பாட்டு

எல்லையோரம் – 14

1982-இல் வெளிவந்து ஐரோப்பாவைச் சுற்றிவந்த பாட்டு, ‘வேர்ட்ஸ்’. பாடியவர் எஃப். ஆர். டேவிட். துனீசியாவில் பிறந்த பிரெஞ்சுப் பாடகர். பாட்டோ முழுக்க ஆங்கிலம். ஜெர்மனியில் முதலிடம், பிரிட்டனில் இரண்டாமிடம் என்று அது போன தூரத்தைப் பார்த்தால், ஆங்கிலத்தில் பாடியது விற்பனைக்கு உதவியது என்பது விளங்கும்.

ஆனால் தாய்மொழியை விட்டு வேறொரு மொழியில் பாடி ஊரையே கட்டிப்போடுவதற்குச் சந்தைக் கணக்கு மட்டும்தான் காரணமா? தமிழ்நாடு-கேரள எல்லையோரத்துப் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இதற்கு வேறொரு பதில் இருக்கிறது.

1993 டிசம்பரில் ஃபாசிலின் ‘மணிச்சித்திரத்தாழ்’ வெளியானது. கேரளத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் அந்தப் படத்தின் உயிராக இருப்பது ‘ஒரு முறை வந்து பார்த்தாயா’. மலையாளப் படம், ஆனால் பல்லவி முழுக்கத் தமிழ். தமிழ் வரிகள் வாலி, மலையாள வரிகள் பிச்சு திருமலை, இசை எம்.ஜி. ராதாகிருஷ்ணன், ராகம் குந்தலவராளி. தஞ்சாவூர் நடனக்காரி நாகவல்லியாகத் தன்னை நினைத்துக்கொண்டு படத்தின் நாயகி கங்கா ஆடும் காட்சி அது. ஒரு கணம் நகையும் விளக்கும் ஜொலிக்கும் அரசவை. மறுகணம் இருண்ட அறை, அவிழ்ந்த கூந்தல். காட்சி இப்படி மாறி மாறி வெட்டிக்கொண்டு போகிறது, பாடகி சித்ராவின் குரல் மட்டும் அறுபடாமல் ஓடுகிறது. தமிழ் முடிந்து மலையாளம் தொடங்கும் இடத்தில் கேட்பவருக்கு ஒரு தடங்கலும் தெரிவதில்லை.

இந்தத் தமிழ் சித்ராவுக்கு எங்கிருந்து வந்தது? திருவனந்தபுரத்துக்காரரான அவர் அதற்கு முன்பே ‘சிந்து பைரவி’க்காகத் தேசிய விருது வாங்கியவர். சினிமா அனுபவம் ஒரு காரணம்தான். வேர் இன்னும் கீழே இருக்கிறது. சித்ராவின் குரு கே. ஓமனக்குட்டி. அவர் எம்.ஜி. ராதாகிருஷ்ணனின் தங்கை. அண்ணன் தங்கை இருவருக்கும் குருவாக இருந்தவர், எல்லையை ஒட்டிய பாறசாலையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொன்னம்மாள்.

பாறசாலை பி. பொன்னம்மாள் பிறந்தது 1924-இல். திருவனந்தபுரத்தில் 1939-இல் தொடங்கிய இசை அகாடமியில், இன்றைய சுவாதித் திருநாள் கல்லூரியில், சேர்ந்த முதல் மாணவி அவர். பிறகு அங்கேயே முதல் பெண் ஆசிரியர். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வரும் அவரே. அந்த அகாடமியை நடத்த வந்தவர்கள் யார்? முதலில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர். தாமிரபரணிக் கரையும் காவிரிக் கரையும் அனுப்பிய ஆசான்கள். அவர்களிடம் கற்றதைப் பொன்னம்மாள் மலையாளப் பிள்ளைகளின் தொண்டையில் ஏற்றினார். பாடம் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் தமிழிலும் மலையாளத்திலும் நடந்தது. எந்த மொழிப் பாட்டானாலும் சொல்லைச் சிதைக்காமல் பாட வேண்டும் என்பது அந்த வகுப்பறை தந்த பயிற்சி.

இந்த எல்லையில் சாமிகளே ஆண்டுதோறும் மொழி கடந்து போகிறார்கள். நவராத்திரி வந்தால் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரம் புறப்படுவார்கள். குழித்துறையில் ஓர் இரவு. களியக்காவிளையில் கேரளத்தின் வரவேற்பு. பாறசாலை தாண்டி நெய்யாற்றின்கரையில் இன்னோர் இரவு. அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட சிலை என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. மாநிலங்கள் பிரிந்த 1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் சென்னை மாநிலத்துக்குப் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஊர்வலம் நிற்கவில்லை.

திருவனந்தபுரத்தில் அந்தத் தேவியின் சந்நிதியான நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடியதில்லை. 2006-இல் அந்தத் தடை உடைந்தது. முதலில் பாடியவர் 81 வயதுப் பொன்னம்மாள். எத்தனையோ பாடகர்களை உருவாக்கிய ஒருவருக்கு அந்த மேடை கிடைக்க அத்தனை காலம் ஆனது. இதை நினைக்கும்போது பெருமையோடு வருத்தமும் சேர்ந்தே வருகிறது. 2017-இல் பத்மஸ்ரீ. 2021 ஜூனில் மறைந்தார்.

‘மணிச்சித்திரத்தாழ்’ மலையாளத்தோடு நிற்கவில்லை. தமிழில் ‘சந்திரமுகி’ ஆனபோது நடனக்காரி தெலுங்குப் பெண்ணானாள். தமிழ்நாடே முணுமுணுத்த ‘ரா ரா’ தெலுங்குப் பாட்டு. பாடிய பின்னி கிருஷ்ணகுமார் தொடுபுழாவில் பிறந்தவர். இந்தி ‘பூல் புலையா’வில் அவள் வங்காளியானாள், அந்தப் பாட்டில் ஷ்ரேயா கோஷலோடு சேர்ந்து பாடியவர் எம்.ஜி. ஸ்ரீகுமார், ராதாகிருஷ்ணனின் தம்பி. எந்த ஊருக்குப் போனாலும் நாகவல்லி பக்கத்து ஊர் மொழியில்தான் பாடுகிறாள். கேட்பவர்கள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

எஃப். ஆர். டேவிட் தொலைதூரத்துக் காதுகளைத் தேடி ஆங்கிலத்துக்குப் போனார். இங்கே பாடியவரின் காதிலும் கேட்டவரின் காதிலும் அடுத்த மொழி முன்பே குடியிருந்தது. அதைக் குடியேற்றியவர்கள் பாட்டு வாத்தியார்கள். ஒரு பாட்டு மொழி தாண்டி வெற்றி பெறும்போது பாடகரையும் இசையமைப்பாளரையும் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டும். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாறசாலைக்காரியின் பெயரும் அந்தக் கொண்டாட்டத்தில் இடம்பெற வேண்டும். எல்லையின் இரு பக்கமும் இருக்கிற இசைப்பள்ளிகள் அடுத்த பக்கத்து மொழிப் பாட்டையும் சுத்தமாகச் சொல்லித்தந்தால், அவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

அடுத்த வாரம்: பொன்னம்மாளின் மாணவர், நெய்யாற்றின்கரை வாசுதேவன்.

(தொடரும்)